மலை மடித்துக் கொடுத்த குரல்

போன மாதம் ஒரு காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற வயர்லெஸ் பிரிவில் இப்போது இன்ஜினியராக இருக்கும் பெண். சந்தேகம் வந்தால் கூப்பிடுவாள், தீர்ந்ததும் சண்டை போடுவாள். அன்று எடுத்த எடுப்பிலேயே எரிச்சலாக இருந்தாள். புதிதாக வாங்கிய சாஃப்ட்வேர் ரேடியோவில் ஒரு ஸ்டேஷன் தெரிகிறதாம். அந்த அலைவரிசையில் பேச உரிமம் பெற்றவர் யாருமே கிடையாதாம்.

"பேய் மாதிரி வந்து நிக்குது சார். குரல் வேற கிழிஞ்சு கிழிஞ்சு வருது" என்றாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. முன்னாடி இருக்கிற ஃபில்டரைப் பாரும்மா" என்றேன்.

படிப்பவர்களுக்கு இது புரிய வேண்டும். இந்தக் காலத்து ரேடியோப் பெட்டி, வரும் அலையை விநாடிக்கு லட்சக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எண்ணாக்கி, கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறது. அத்தனை துண்டும் தேவையில்லை என்று பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுவார்கள். எறிவதற்கு முன்னால் வேண்டாத அலைகளை வடிகட்டியாக வேண்டும். வடிகட்டாமல் எறிந்தால், எங்கோ தள்ளியிருக்கும் அலை நம் இடத்தில் மடிந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். வேட்டிக் கரையில் பட்ட சேறு, மடித்து வைத்ததும் நடுவில் அப்பிக்கொள்கிறதே, அதுதான்.

மாலையில் மறுபடி கூப்பிட்டாள். ஃபில்டரைச் சரிசெய்ததும் பேய் ஓடிவிட்டதாம். "உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதே சார், எப்படி டக்குனு சொன்னீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாதுதான். மடிப்பு இருந்தது. ஒரு மனிதனை லாக்கப்பில் உட்கார வைத்த மடிப்பு. போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தியாகதுருகம் பக்கத்து விவசாயக் குடும்பம். டிப்ளமா முடித்து, சென்னையில் பயிற்சி என்ற பெயரில் சூடான சால்டரிங் இரும்பால் கையைச் சுட்டுக்கொண்டு, காவல் துறைக்கு வயர்லெஸ் பார்க்கும் பிரிவில் டெக்னீசியனாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தேன். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை என்று வீட்டில் பொங்கல் வைத்தார்கள். வேலை பாதி நாள் கல்வராயன் மலைமேல் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிமலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் எங்கள் ரிப்பீட்டர் இருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, பக்கத்தில் கம்பம். கீழே சமவெளியில் ஒரு ஜீப்பிலிருந்து பேசினால் அடுத்த ஜீப்புக்கு எட்டாது. மலைமேல் இருக்கும் பெட்டி அதைக் கேட்டு, உரத்த குரலில் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் ரிப்பீட்டர். ஊர்த் தண்டோராக்காரன் வேலை. ஜன்னல் இடுக்கில் குளவி கூடு கட்டும். வெளியே சாமைக் கொல்லை. மழைக்காலத்தில் மேகம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து சர்க்யூட் எல்லாம் பூத்துப்போகும். அந்த அறையில் எனக்குக் கிடைத்த நிம்மதி, பின்னால் ஏசி அறையில் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பெட்டிக்கு முன்னால், ஆன்டெனாவிலிருந்து வரும் வயரில், ஆள் தொடை பருமனில் இரண்டு அலுமினிய உருளைகள் நிற்கும். அவைதான் ஃபில்டர். எங்கள் அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வாசலிலேயே நிறுத்திவிடும். நல்ல காவல்காரன்தான், ஆனால் கூலி கேட்பான். வேண்டாததைத் தடுக்கும்போது வேண்டியதிலும் கொஞ்சம் தின்றுவிடுவான்.

அந்த உருளைகளை எங்கள் பிரிவுத் தலைவர் தணிகாசலம் சார் தவிர யாரும் தொடக் கூடாது. ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத காக்கி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், ஸ்பீக்கரைப் பார்ப்பார். எது கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். லீவு கேட்டால் பார்க்கலாம். சம்பளம் வந்துவிட்டதா என்றால் பார்க்கலாம். அவர் கல்யாணத்திலும் தாலி கட்டச் சொன்னபோது பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குள் கிண்டல்.

ஆனால் உருளையைச் சுருதி சேர்க்கும்போது பார்க்க வேண்டும். மேலே ஒரு செப்புத் தண்டு இருக்கும். அதை மயிரிழை திருப்புவார். மீட்டர் முள் ஏறும். இன்னும் மயிரிழை. முள் இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பி வருவார். உச்சி எது என்று தெரிய வேண்டுமானால் தாண்டிப் பார்த்தாக வேண்டுமாம். நட்டை இறுக்கியதும் கிளம்பிவிட மாட்டார். வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். வெயில் ஏறி உலோகம் சூடான பிறகு ஒரு முறை, மேகம் இறங்கிக் குளிர்ந்த பிறகு ஒரு முறை பார்ப்பார். "சூட்டுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். நம்மை மாதிரிதான்" என்பார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதையும் ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் சொல்வார்.

இப்படி இருக்கையில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எண்பதுகளின் பின்பாதி. வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். என் வயசுப் பையன்கள், என்னோடு பள்ளியில் படித்தவர்கள், படித்துவிட்டு மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சாலையில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் காக்கிப் பக்கத்தில் சம்பளம் வாங்கியதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை.

பந்தோபஸ்துக்காக வெளி மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் வயர்லெஸ் அறைக்கு அடுத்த கட்டடத்தில்தான் அவர் தங்கிய ஸ்டேஷன். தெற்கத்திக்காரர், தொண்டை பெரிது. வந்த அன்றே எங்கள் செட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா செட்டு இது? தூரத்துல நிக்கிற ஜீப்பு பேசுறது இரைச்சலா வருது. கேக்கலைன்னா எதுக்குய்யா வச்சிருக்கீங்க?"

"பார்க்கலாம் சார்" என்றார் தணிகாசலம் சார்.

"பார்க்கவெல்லாம் வேணாம். நாளைக்கு எனக்குக் கேக்கணும்."

அன்று மலைக்குப் போகும் சாலையில் இன்னும் மரம் விழவில்லை. சார் என்னை ஓரமாக அழைத்தார். உருளைகள் தின்கிற அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடித்தால் பலவீனமான ஜீப்புகளும் கேட்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். "உருளைய விட்டுட்டு நேரா வயரைக் கொடு. மறியல் முடியட்டும், திருப்பி மாட்டிடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போய்க் கழற்றினேன். தூரத்து ஜீப்புகள் கணீரென்று கேட்டன. அதிகாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் காலையில் அந்தக் குரல் வந்தது.

எங்கள் சேனலில், எங்கள் ஜீப்புகள் பேசி முடிக்கும் இடைவெளியில், திடீரென்று ஒருவன் நுழைந்தான். "சங்கராபுரம் ரோட்ல மரம் போட்டாச்சு… சின்னசேலம் பக்கம் திருப்பு… அங்க ஆளு நிக்கறாங்க, நான் சொல்ற வரிக்கும் வண்டிய எடுக்காத…" குரல் கரகரவென்று, கிழிந்து கிழிந்து வந்தது. யாரும் பதில் சொன்னது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான். எந்தச் சாலையில் மரம், எங்கே கூட்டம், எல்லாம் எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி துள்ளிக் குதித்தார். மறியல்காரர்கள் திருட்டு வயர்லெஸ் வைத்து ஆளை ஏவுகிறார்கள், அதுவும் போலீஸ் சேனலிலேயே ஏவுகிறார்கள் என்று முடிவு கட்டினார். கேசட்டில் குரலைப் பதிவு செய்ய வைத்தார். ஸ்டேஷனில் ஏட்டு கண்ணுசாமி என்று ஒருவர் இருந்தார். ஊரில் எல்லாரையும் தெரியும் என்ற பெருமை உள்ளவர். அவர் கேசட்டைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அந்தோணி சார் இவன். மைக் செட்டு அந்தோணி. கொரலு தெரியக் கூடாதுன்னு வாய்ல துணிய வெச்சிகினு பேசறான். நம்ம கிட்டியே வேல காட்றான் பாருங்க."

அந்தோணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மைக் செட்டும் வாடகைக்கு விடுவார். கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம், எதற்குக் கேட்டாலும் கொடுப்பார். மறியல் கூட்டத்துக்கும் அவர் மைக்தான் போயிருந்தது. கடையில் பழைய ராணுவ வயர்லெஸ் செட் ஒன்று உதிரிபாகத்துக்காகக் கிடந்தது. இந்த இரண்டும் போதாதா? கடைத்தெரு முழுக்கப் பார்க்க, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ராணுவ செட்டைப் பின்னாலேயே ஒருவர் தூக்கி வந்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து குரல் நின்றுவிட்டது.

இதுதான் விஷயத்தைக் கெடுத்தது. ஆளைப் பிடித்தோம், குரல் நின்றது, வேறென்ன சாட்சி வேண்டும் என்றார் அதிகாரி. சாதாரணக் கேஸ் இல்லை, கலவரத்தைத் தூண்டிய கேஸ், வெளியே வர வருஷமாகும் என்று ஏட்டு எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார். நான் லாக்கப் பக்கம் போனேன். எனக்கு ஈயக்கம்பியும் வால்வும் அவசரத்துக்குக் கடன் கொடுப்பவர் அந்தோணி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாக்கப் மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான் பேசலிங்க. அந்தச் செட்டு ஓடாதுங்க, அதுல அலைய உண்டாக்கற கிரிஸ்டலே கெடையாது. நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். "ஒண்ணு ஓடலைன்னா இன்னொண்ணு ஒளிச்சு வச்சிருப்பான்" என்று பதில் வந்தது.

அவர் மனைவி ஸ்டெல்லா, அவர்கள் குடியிருந்த கருணாபுரத்திலிருந்து தூக்குச் சட்டியோடு வந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். யார் விரட்டியும் எழுந்திருக்கவில்லை. "இன்னா செஞ்சாருன்னு சொல்லுங்க, போறேன்" என்றாள்.

தணிகாசலம் சார் அந்த கேசட்டைக் கேட்க வேண்டும் என்று அதிகாரியிடம் போய் நின்றார். எதற்கு என்று கேட்டதற்கு வழக்கம்போலப் பார்க்கலாம் என்றார். கொடுத்தார்கள். எங்கள் அறையில் டேப் ரிக்கார்டரை வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். எனக்குக் காது வலித்தது. பிறகு விரலைத் தூக்கினார்.

"கவனிச்சியா? மெதுவா பேசற இடத்துல குரல் நல்லா இருக்கு. அழுத்திப் பேசற இடத்துல மட்டும் கிழியுது. வாயில துணி இருந்தா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதானே அமுங்கும்?"

நான் இன்னொரு முறை கேட்டேன். உண்மைதான். 'மரம்' என்று தணிவாகச் சொல்லும்போது சுத்தமாக இருந்தது. 'எடுக்காத' என்று அதட்டும்போது கிழிந்தது.

"இவன் ஃபில்டர் ஓரத்துல நிக்கிறான்" என்றார் சார்.

எங்கள் வகை வயர்லெஸில் குரலை உயர்த்தினால் அலை அகலமாக ஆடும். பெட்டிக்குள் இருக்கும் குறுகிய ஃபில்டருக்கு நேர் நடுவில் அலை நின்றால் எவ்வளவு ஆடினாலும் இடமிருக்கும். ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் இடித்துக்கொண்டு வெட்டுப்படும். எங்கள் சேனலில் பேச வேண்டும் என்று செட் செய்தவன் ஓரத்தில் ஏன் நிற்கப் போகிறான்? இவன் எங்கள் சேனலில் பேசவே இல்லை. வேறு எங்கோ பேசுகிறான். அங்கிருந்து மடிந்து இங்கே விழுகிறான், அதுவும் சரியாக விழாமல் கொஞ்சம் தள்ளி விழுகிறான்.

அந்த மாதிரி ரிசீவர்களுக்கு ஒரு குணம் உண்டு. நம் அலைவரிசையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளியிருக்கும் இன்னொரு அலைவரிசையும் உள்ளே போய் அதே இடத்தில் விழும். அந்த இன்னொன்றை வாசலில் நிறுத்துவதற்குத்தான் உருளைகள். உருளைகள் தரையில் கிடந்தன.

சார் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அந்த அலைவரிசையில யாருப்பா இருக்காங்க?"

எனக்கு உடனே தெரிந்தது. அடிவாரத்துப் பக்கம் இருந்த சர்க்கரை ஆலை. உரிமம் வாங்கி, கரும்பு லாரிகளை வழிநடத்த வயர்லெஸ் வைத்திருந்தார்கள். அவர்கள் செட்டைச் சோதிக்க எங்களிடம்தான் மீட்டர் இரவல் வாங்குவார்கள். சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது கரும்பு கிளார்க் என்ன பேசுவான்? இந்த ரோட்டில் வராதே, அந்தப் பக்கம் திருப்பு, நான் சொல்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதே என்றுதான் பேசுவான். அப்புறம் கரும்பு வருவதே நின்றது. அரவையை நிறுத்தினார்கள். வயர்லெஸுக்கு வேலை இல்லை. குரல் நின்றது. அந்தோணியைப் பிடித்த அதே மத்தியானம்!

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. சார் முகம் சுண்டிவிட்டது. "கழட்டச் சொன்னது நான்" என்றார். அந்த முறை ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை.

"மலைக்குப் போய் மாட்டிட்டு வந்துடறேன் சார். யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன்.

"மாட்டிட்டா இனி குரல் வரவே வராது. அவனை உள்ள வச்சதால வரலைன்னு சொல்லிடுவாங்க. அந்தக் குரல் திரும்ப வரணும். அவங்க கேட்கணும்."

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். நான் பின்னால் நின்றேன். பதவி உயர்வுக்கு அவர் பெயர் போயிருந்த நேரம் அது. சுற்றி வளைக்காமல் சொன்னார். ஃபில்டரைக் கழற்றச் சொன்னது நான், அதனால்தான் ஆலையின் பேச்சு நம் சேனலில் விழுந்தது, அந்தோணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மேசையைத் தட்டினார்.

"அவனுக்குச் சொந்தக்காரனாய்யா நீங்க? ஆலைக்காரன் ஒருத்தனை இன்னைக்குப் பேச வச்சு, அதான் இதுன்னு காட்டுவீங்க. நான் நம்பணும்?"

"ஆலைக்காரர் வேண்டாம் சார். நீங்க நம்பற ஆள் யாரையாவது பேசச் சொல்லுங்க."

"நான் என்னைத்தான்யா நம்புவேன்."

"அப்ப நீங்களே பேசுங்க சார்" என்றார் தணிகாசலம் சார்.

அப்படித்தான் முடிவானது. அதிகாரி ஜீப்பில் ஆலைக்குப் போய் ஆலை செட்டில் பேசுவது. சார் ஸ்டேஷனில் இருந்து கேட்பது. நான் மலைமேல் போய், சொல்லும்போது உருளையை மாட்டுவது, கழற்றுவது. போலீஸ் காவலோடு போகிற ஜீப் ஆலைக்குப் போய்விடும். எனக்கு வண்டி இல்லை. துறை ஜீப்பில் போனால் கல் விழும் என்று சைக்கிளில் அனுப்பினார்கள். காக்கியைக் கழற்றிவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு, ஸ்பேனர்களைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தேன்.

கச்சிராயபாளையம் போகும் வழியில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போய்க்கினு கீற? பையில இன்னா?"

பையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஸ்பேனரைப் பார்த்ததும் ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வாயில் வந்தது உண்மைதான்.

"வயர்லெஸ் ஆளுங்க நானு. மைக் செட்டு அந்தோணிய உள்ள வெச்சிருக்காங்க, உங்களுக்காகத் திருட்டு செட்டுல பேசுனாருன்னு. அவரு பேசலன்னு காட்ட மலைக்குப் போறேன்."

"எங்களுக்கு செட்டா?" பெரியவர் ஒருவர் மற்றவர்களைப் பார்த்தார். "எங்களாண்ட சைக்கிளே ஒண்ணுதான்யா கீது, அதும் பஞ்சர்."

சிரித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்தவனே என் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான். பெரியவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அவரு மைக்கு எங்க கிட்டதான் கீது. பத்திரமா வெச்சிருக்கோம்னு சொல்லு. பயப்படப் போறாரு."

அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு, கடுக்காய் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு மேலே போனேன். அறையைத் திறந்ததும் குளவிகள் வரவேற்றன. ரிப்பீட்டரில் ஒரு சிறு ஸ்பீக்கர் உண்டு. மலை கேட்பதையும் மலை சொல்வதையும் அதில் கேட்கலாம். மைக்கை எடுத்து, "ரெடி சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்தக் குரல் வந்தது. அதே கரகரப்பு, அதே கிழிசல். "நான் பேசுறது கேக்குதா? கேக்குதாய்யா?" என்று அதட்டியது. அதட்டிய இடமெல்லாம் கிழிந்தது. பேசுவது யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் காதுக்குத் தெரியவில்லை. ஊரையே அலறவைக்கும் அந்தத் தொண்டையை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

ஸ்டேஷனில் சார் ஏட்டு கண்ணுசாமியிடம் எதுவும் சொல்லாமல் அவரை ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்திருந்தார். இப்போது மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேள்வியும் பதிலும் மலை வழியாக எல்லா ஜீப்புக்கும் போயின. ஆலை வாசலில் நின்ற அதிகாரியின் ஜீப்புக்கும்.

"ஏட்டய்யா, இந்தக் குரலை முன்ன கேட்டிருக்கீங்களா?"

"அய்ய, இத கேக்கணுமா சார்? அதே ஆளுதான். அன்னிக்கிப் பேசுன அதே திருட்டுப் பய. துணிய வாய்ல வெச்சிகினு இன்னா தெனாவெட்டா பேசறான் பாருங்க. அந்தோணி இங்க குந்தினு கீறான், அப்ப இவன் கூட்டாளி சார். கொரல்லியே களவாணின்னு தெர்து."

மலைமேல் தனியாக இருந்த நான் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஜீப்பும் வாய் திறக்கவில்லை. பிறகு சார் நிதானமாக, "உருளையை மாட்டு" என்றார். மாட்டினேன். அதிகாரி ஆலை செட்டில் மறுபடி பேசினாராம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்றினேன், கேட்டது. மாட்டினேன், போனது. மூன்றாம் தடவை கழற்றச் சொன்னபோது, அதிகாரியின் ஜீப் செட்டிலிருந்து அவருடைய சொந்தக் குரல் சுத்தமாக வந்தது. "போதும்யா."

உருளைகளைச் சரியாக மாட்டி, முள் உச்சி தாண்டி இறங்குவதைப் பார்த்துத் திருப்பி வைத்து, குளிர்ந்த பிறகு ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கினேன். சார் அங்கே இல்லை, அவசரமும் இருந்தது. ஆனால் அப்படிச் செய்யாமல் வர எனக்கு மனம் வரவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை. லாக்கப்பை அப்போதுதான் திறந்தார்கள். அதிகாரி அறையை விட்டு வெளியே வரவில்லை. "அனுப்பிடச் சொன்னாரு" என்று ஏட்டுதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தோணி வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். தணிகாசலம் சார் அவர் எதிரில் போய் நின்று, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். கழற்றச் சொன்னது நான் என்று அவரிடமும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய பதவி உயர்வு நின்றது, கொஞ்ச நாளில் கடற்கரையோரம் எங்கோ மாற்றிப் போட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

அந்தோணி மெக்கானிக் ஆயிற்றே. இரண்டு நாள் லாக்கப்பில் இருந்ததை மறந்துவிட்டு, "எவ்ளோ தள்ளி சார் விழுந்துது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சாரும் விரலால் சுவரில் வரைந்து காட்டத் தொடங்கினார். ஸ்டெல்லா தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"பேசி முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். "இவர நாலு பேரு பாக்க இழுத்துகினு வந்தீங்க. கடைத்தெருவே பாத்துது. நான் பெத்த புள்ள பாத்துது. இப்ப போடான்னா இவரு எந்த மொகத்த வெச்சிகினு நடப்பாரு?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சார் தொப்பியை எடுத்து ஒழுங்காக மாட்டினார். ராணுவ செட்டை என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டச் சொன்னார். அந்தோணியின் தோளில் கையைப் போட்டார்.

"வாங்க. போகலாம்."

பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று அவரே வழி சொன்னார். மறியலால் கடைகள் பாதி மூடிக் கிடந்தாலும் ஜனம் தெருவில்தான் இருந்தது. முழு யூனிபாரத்தில் ஒரு காக்கிக்காரர், லாக்கப்பிலிருந்து வந்தவன் தோளில் கைபோட்டு நடப்பதை எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். யார் உற்றுப் பார்த்தாலும் சார் நின்று, "இவர் மேல தப்பு இல்ல. தப்பு எங்களோடது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதிகம் பேசாத மனிதருக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. ஸ்டெல்லா எங்களுக்கு முன்னால், தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

கருணாபுரம் முனையில் ஒரு பெண் குழாயடியிலிருந்து குடத்தை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னா ஸ்டெல்லா, உன் வூட்டுக்காரர வுட்டுட்டாங்களா?"

ஸ்டெல்லா நிற்கக்கூட இல்லை.

"வுட்டுடல" என்றாள். "கூட்டியாந்து வுடறாங்க."